சர்க்கரை தொடாமல் திருப்பதியில் ஒரு வாரம்

மொட்டை போடவில்லை, லட்டு வாங்கவில்லை, ஆனாலும் திருப்பதியில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன் என்றால் மதுரையில் ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். "பின்ன எதுக்குடி போன?" என்றாள் அம்மா. நான்கு வயதுக் குழந்தை ஒன்று வெண்ணெய் தின்பதைப் பார்க்கப் போனேன் என்றேன். உண்மையும் அதுதான்.

குழந்தையின் பெயர் ஹாசினி. என் தோழி ரேவதியின் மகள். ரேவதியும் நானும் சென்னையில் ஒரே விடுதி அறையில் இருந்து உயிர்வேதியியல் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் மேலே படிக்கப் போனேன், அவள் ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு மருமகளாகப் போனாள். கணவர் முனிரத்தினம், ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தெலுங்கில் கணக்குப் போட்டுத் தமிழில் திட்டுகிற ஆள் என்பாள் ரேவதி.

ஹாசினிக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வந்தது. பெரும்பாலும் காலையில், சாப்பிடும் முன்னால். நடையும் தள்ளாட்டம்தான். மருந்து மாற்றி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இந்த வருடம்தான் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்து, மரபணுவையும் சோதித்து, நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள்: குளூட்-1 குறைபாடு. சாப்பிட்ட சர்க்கரை ரத்தம் வரைக்கும் ஒழுங்காக வந்துவிடும். அதை மூளைக்குள் கொண்டுபோய்விடும் புரதம்தான் பற்றாக்குறை. வயிறு நிறைந்திருக்கும்போதே மூளை பட்டினி கிடக்கும்.

இதற்கு வைத்தியம் சாப்பாட்டிலேயே இருக்கிறது. அரிசி, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கொழுப்பாகக் கொடுக்க வேண்டும். ஈரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற பொருளைச் செய்யும். மூளை அதை எரித்துப் பிழைத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் வரும் விஷயம். அந்த அரைப் பக்கத்தை நான் நன்றாகப் படித்திருந்தேன் என்பதுதான் எனக்கு அழைப்பு வரக் காரணம்.

"ஒரு வாரம் ஆஸ்பத்திரில வச்சி ஆரம்பிக்கிறாங்கடி," என்றாள் ரேவதி போனில். "இங்க எல்லாரும் எதிரா கீறாங்க. இவரு ஒரு வாரம்தான் பாப்பாராம். ஆவலன்னா புள்ளைய வூட்டுக்கு இட்னு போய் சோறு போடுவாராம். நீ வந்து என் பக்கத்துல குந்து, அது போதும்."

போனேன்.

திருப்பதியில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரியின் பெயரைத் தெளிவாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நானும் புது ஊர் பார்க்கிற குஷியில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டி போய் நின்ற இடத்தில் என் பையை வாங்கி ஒரு பெல்ட்டின் மேல் வைத்தார்கள். அது ஒரு இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தது. என்ன நவீனமான ஆஸ்பத்திரி என்று வியந்து நிமிர்ந்தால், எதிரே மலை. திருமலை அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடி.

"எல்லாரும் மலைக்குத்தான் வருவாங்க," என்றார் ஆட்டோக்காரர், கொஞ்சமும் வருத்தமில்லாமல். "சாமியப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னும் நல்லதுதான." மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.

இந்த ஊர் இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் நாலு சட்னி வைத்தால்தான் இட்லிக்கு மரியாதை. இங்கே ஒரே ஒரு வேர்க்கடலைச் சட்னி, அதுவும் தாராளமாக, இட்லியையே மூழ்கடித்துவிடுகிறார்கள். மூன்றாவது இட்லியில் நான் கட்சி மாறிவிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் நினைத்தேன்: ஹாசினிக்கு இனி இந்த இட்லி கிடையாது.

குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். ஹாசினி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "நீ இன்னா துன்ன?" பொய் சொல்ல மனம் வரவில்லை. "இட்லி," என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு வெண்ண," என்றாள், ஏதோ என்னைவிட ஒரு படி மேலே இருப்பவள்போல.

உணவு நிபுணர் தெலுங்குக்காரர், சுறுசுறுப்பான அம்மா. சீரியல் பார்த்துக் கற்ற தமிழ். நகைக்கடையில் இருப்பதுபோல ஒரு குட்டித் தராசு வைத்திருந்தார். முட்டையை அடித்து நிறுத்தார், வெண்ணெயை நிறுத்தார், தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறுத்தார். இரண்டு துண்டு வெள்ளரிக்காய் போட்டு, அதில் ஒன்றைத் திரும்ப எடுத்தார். "இது சாப்பாடு அல்ல, மருந்து," என்றார் செந்தமிழில். "கிண்ணத்தை வழித்து நக்க வேண்டும். ஒட்டியிருக்கும் எண்ணெயும் கணக்கு."

காய்ச்சலுக்குக் கொடுக்கும் சிரப்பில் சர்க்கரை இருக்கிறது, அதுவும் கூடாது. பற்பசையில்கூட என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும். முனிரத்தினம் கட்டிலின் கால்மாட்டில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனதும் என்னிடம், "எங்க தோப்புல இப்ப மாங்கா காலம். மரத்தடில நின்னாலே சக்கரை ஒட்டிக்கும். இந்தப் புள்ள அங்க எப்படிம்மா இருக்கும்?" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் கேலியாக இல்லை.

முதல் நாள் ஹாசினி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். சோர்ந்து கிடந்தாள். மறுநாள் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தார்கள். கீட்டோன் வந்தால் அது நிறம் மாறும். லேசான ரோஜா நிறம். அதற்கடுத்த நாள் நல்ல கத்திரிக்காய் நிறம். அன்று காலை வலிப்பு வரவில்லை. ரேவதி அந்தப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். கல்யாணப் புடவைக்குக்கூட இவள் இப்படி நிறம் பார்த்திருக்கமாட்டாள் என்றேன். "போடி," என்றாள். அந்த வாரம் அவள் சிரித்தது அப்போதுதான்.

பாக்கெட் வெண்ணெயின் வாசனை ஹாசினிக்குப் பிடிக்கவில்லை. சித்தூரில் முனிரத்தினத்தின் அக்கா சரோஜா மாடு வைத்திருக்கிறார், அங்கே வீட்டு வெண்ணெய் இருக்கிறது என்றார்கள். நான் போகிறேன் என்று குதித்துக்கொண்டு கிளம்பினேன்.

சித்தூரை நெருங்கும்போது பஸ் நின்றுவிட்டது. பழக்கூழ் தொழிற்சாலைக்குக் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நின்றன. டிரைவர்கள் டிராக்டருக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். எங்கள் பஸ் டிரைவர் இறங்கிப் போய் அவர்களோடு ஒரு மாம்பழம் சாப்பிட்டுவிட்டு வந்தார். பின் இருக்கையில் ஒரு பெண் தெலுங்கில் போன் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "பெண் பார்க்க வந்தவர்களை இன்னொரு காபி கொடுத்து உட்கார வை, நான் மாங்காய்க்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறேன்." கல்யாணப்பெண் அவளேதானாம்.

சரோஜாக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டார். கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். நான் மென்றேன். "மதுரையில பல்லு நெறைய கீதுபோல," என்றார்.

மூன்றாம் உருண்டை போடும்போது விஷயத்துக்கு வந்தார். "புள்ளைக்கு சோறு குடுக்காம எண்ணெய ஊத்திகினு கீறீங்களாமே."

"அது மருந்துக்கா."

"எங்க வம்சத்துல யாருக்கும் இந்த நோவு இல்ல. டாக்டரு கேட்டப்பவும் அததான் சொன்னன். இவ வந்தா, இவ கூட அதுவும் வந்துச்சி. அவங்க வூட்ல விசாரிச்சிப் பாருங்கன்னேன், எவன் கேக்கறான்."

பரம்பரை நோய் என்றால் தாய்வழி என்று ஒரு கட்டாயமும் இல்லை, பல குழந்தைகளுக்கு அது புதிதாகவே வருகிறது, இந்த நோயில் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்தாலும் அது அப்பாவாகவும் இருக்கலாம் என்று நான் களியோடு போராடிக்கொண்டே விளக்கினேன். பெற்றோர் இருவரும் ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். ரேவதி கொடுத்துவிட்டாள், அவளிடம் அந்த மாற்றம் இல்லை. முனிரத்தினம் 'நான் நல்லாதான கீறன்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் ஏன் குடுக்கணும்?" என்றார் சரோஜாக்கா. ஆனாலும் வெண்ணெயை வாழை இலையில் சுற்றி, ஈரத்துணி போட்டு, தூக்குவாளியில் வைத்து, பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். அந்த வெண்ணெயை ஹாசினி விரலை நக்கி நக்கித் தின்றாள்.

தப்பு நடந்தது அதற்கு மறுநாள். முனிரத்தினத்தோடு வேலை செய்கிறவர் ஒருவர் மலைக்குப் போய்விட்டு லட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரேவதி குளிக்கப் போயிருந்தாள், நான் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் ஒரு விள்ளல் எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தார். அவள் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினாள். இன்னொரு விள்ளல். பிறகு இன்னொன்று. சாயங்காலம் பட்டை வெளுத்துப்போயிருந்தது. அடுத்த நாள் காலை ஹாசினியின் கண் ஒரு பக்கமாகப் போய் நின்றது, பிறகு கை கால் வெட்டியது.

வலிப்பு அடங்கிக் குழந்தை தூங்கியதும் ரேவதி கேட்டாள், "எதுக்குக் குடுத்த?"

"பிரசாதம்மே. அது துன்றதுல சேத்தியா?"

அவர் சாக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். வீட்டில் யாராவது டாக்டர் சொல்லிச் சர்க்கரையை நிறுத்தியிருந்தாலும், விரதம் இருந்தாலும், பிரசாதம் அந்தக் கணக்கில் வராது. கை நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார்கள். அவரால் தாங்க முடியாதது வேறு: சாமி பிரசாதம் கெடுதல் செய்தது என்று ஒத்துக்கொள்வதைவிட, எண்ணெய்தான் கெடுதல் செய்தது என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"நாளைக்கி நடந்து மலை ஏறி முடி குடுத்துட்டு வரேன். வேண்டுதல். வந்ததும் வூட்டுக்குப் போறோம். போதும் இந்த வைத்தியம்," என்றார்.

ரேவதி குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் போடி. இங்க குந்திகினு என் மூஞ்சியவே பாக்காத," என்றாள். வாசல் வரை வந்து என் காதில், "வழியில பேசிப் பாரு. நீ சொன்னாவாவது கேப்பாரா பாக்கலாம்."

மறுநாள் காலை மறுபடி அலிபிரி. இந்த முறை வேண்டுமென்றே வந்திருக்கிறேன் என்பதால் எனக்கு ஒரு கர்வம். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து ஏறும் பெண்கள், முழங்காலால் ஏறும் ஒரு இளைஞர், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, குரங்குகள். அழகர்கோயில் மலையில் குரங்குகள் பிடுங்கிக்கொண்டு ஓடும். இங்கே உட்கார்ந்து நிதானமாகப் பையின் ஜிப்பைத் திறக்கின்றன.

"இன்னாமா, மதுர மேடத்துக்கு இதுக்கே மூச்சு வாங்குது?" என்று ஆரம்பத்தில் முனிரத்தினம் சீண்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில் வரும் காலி கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேச்சு குறைந்தது. பிறகு சட்டென்று ஓரமாகப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. தொடை அவருடையது இல்லாததுபோல் தனியாக ஆடியது. நான் பயந்துபோய் யாரையாவது கூப்பிடலாமா என்று சுற்றிப் பார்த்தேன். அவரோ சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, அதிலிருந்த வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"குந்தும்மா. கொஞ்ச நேரத்துல வுட்டுடும்."

"என்னண்ணே இது?"

"கால் இழுக்குது. மலை ஏறுனா இழுக்காதா?"

"எனக்கு இழுக்கலையே."

"நீ சின்னப் பொண்ணு."

அப்போது எங்களைத் தாண்டி ஒரு பருத்த அம்மா, கோவிந்தா சொல்லிக்கொண்டே, இடுப்பில் பேரனோடு ஏறிப் போனார். இரண்டு பேரும் அவரையே பார்த்தோம். "அந்தம்மாவுக்கும் இழுக்கலண்ணே," என்றேன்.

வெல்லத்தைச் சப்பிக்கொண்டே அவர் யோசித்தார். "எங்க வூட்ல தூரமா போனா வெல்லம் எடுத்துகினுதான் போவோம். நைனா காலத்துலேர்ந்தே. துன்னா வுட்டுடும்."

நான் பொட்டலத்தையும் அவர் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பாடப்புத்தகத்தின் அந்த அரைப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருந்தது: சில குடும்பங்களில் பெரியவர்களுக்கு இது லேசாக இருக்கும், வலிப்பு இருக்காது, வெகுநேரம் நடந்தால் மட்டும் கால் இழுத்துக்கொள்ளும். நான் டாக்டர் இல்லை, அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நாலு முறை சொல்லிவிட்டு, அந்த இரண்டு வரியைச் சொன்னேன்.

அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்கு வெல்லம் துன்னா சரியாவுது. அதே நோவுன்னா அவளுக்கு மட்டும் லட்டு ஏன் ஆவாது?"

அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் தேடினேன். மேலே கோயிலில் தர்ம தரிசனத்துக்கு நிற்கும் கூட்டத்தை நினைத்துச் சொன்னேன். "வெளிய சர்க்கரை கூட்டமா நிக்குதுண்ணே. உங்க கேட் பாதி தொறந்திருக்கு. கூட்டம் இன்னும் சேந்து தள்ளுனா நாலு பேர் கூட உள்ள போயிருவாங்க. அவ கேட் அதவிட ஒடுக்கம்னு வைங்க. எவ்வளவு தள்ளுனாலும் பத்தாது. அதான் அவளுக்கு வேற வழியா அனுப்புறாங்க."

"வெண்ண வேற கேட்டு."

"ஆமா. ஆனா இந்தப் பக்கம் சர்க்கரை வந்துட்டா உடம்பு அந்தக் கேட்டுக்கு ஆள் அனுப்பறதையே நிறுத்திரும்."

"விஐபி வந்தா தர்ம தரிசனத்த நிறுத்திடறாங்களே, அந்த பிரேக்கு மாதிரி," என்றார். ஒரு நிமிடம் சிரித்தோம். அவர் பாதம் மெல்லத் திரும்பி நேரானது. அதையே பார்த்துக்கொண்டு, "அப்ப நான் குடுத்ததா?" என்றார்.

"யாரும் பாத்துக் குடுக்கறதில்லண்ணே."

"நாலு வருஷமா எங்க அக்கா ரேவதியத்தான் சொல்லிகினு கீது. நான் ஒரு வார்த்த கேக்கல."

நான் கை நீட்டினேன். அவர் எழுந்தார், ஏறினோம், நடுவில் மூன்று நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். முடி கொடுத்தார். பஸ்ஸில் மலை இறங்கும்போது சந்தனம் பூசிய மொட்டையை ஜன்னலில் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

வீட்டுக்குப் போவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. மறுநாள் டாக்டர் அவரை வராந்தாவில் நடக்கவிட்டு, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, கால் இழுக்கும்வரை விடவில்லை. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாளாகும், ஆனால் தனக்குப் பெரிய சந்தேகமில்லை என்றார் டாக்டர். முனிரத்தினம் கேட்டது ஒன்றுதான்: "பாப்பா என்னா ஆவும் சார்?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. இது நாளுக்கு நாள் மூளையைத் தின்னும் நோய் இல்லை. சீக்கிரம் ஆரம்பித்தது நல்லது. வலிப்பு பெரும்பாலும் நிற்கும். நடையும் பேச்சும் மெதுவாகத் தேறும், முழுக்கச் சரியாகும் என்று சொல்ல முடியாது. படிப்பில் கொஞ்சம் பின்தங்கலாம். இந்தச் சாப்பாடு வளர்ந்து பெரியவளாகும்வரை, அதற்கு மேலும்கூட வேண்டியிருக்கும். இன்னொரு குழந்தை பெறுவதானால் முன்னாலேயே வந்து பேசுங்கள், பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ரேவதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பட்டை மறுபடி ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் சரோஜாக்கா காரோடு வந்துவிட்டார். கையில் வெண்ணெய்த் தூக்கு, வாயில் பழைய பாட்டு. "எண்ண குடுக்கறதுன்னா குடுங்க, நான் வாணாங்கல. ஆனா எங்க வம்சத்துல யாருக்கும்..."

துணி மடித்துக்கொண்டிருந்த ரேவதியின் கை நின்றது.

"எனக்கு கீது அக்கா," என்றார் முனிரத்தினம்.

"இன்னா கீது?"

"மலை ஏறுனா கால் இழுக்குதே. அதான் இது. எங்கிட்டேர்ந்துதான் பாப்பாவுக்குப் போயிருக்கும்ன்றாரு டாக்டரு. ரேவதிகிட்டேர்ந்து இல்ல. இனிமே அவள சொல்லாத."

சரோஜாக்கா சிரித்தார். "அட போடா. கால் இழுக்கறது ஒரு நோவா? எனக்குந்தான் இழுக்கும். நைனாவுக்கு இழுத்துச்சி. ஊர்ல யாருக்கு இழுக்கல?"

ரேவதியும் நானும் சட்டென்று நிமிர்ந்தோம். சரோஜாக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரேவதியிடம் வந்து நின்றார்.

"உனக்கு இழுக்காது?"

"இல்ல அண்ணி."

"காணிப்பாக்கம் கோயில்ல அன்னிக்கி அத்தினி சுத்து சுத்துனமே. அப்பகூடவா?"

"அப்பகூட இல்ல."

சரோஜாக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதங்களை, அவை யாருடையவோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாசினி தவழ்ந்து வந்து தூக்குக்குள் விரலை விடப் பார்த்தாள். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. கணக்கு தெரியாம துன்னக் கூடாதாம்," என்றார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, "எத்தினி போடணும்? வந்து காட்டு ரேவதி," என்றார்.

ரேவதி துணியைக் கீழே வைத்துவிட்டு, தராசை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.